கண்ணும் காதும் சேர்ந்து படிக்க

புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் 2023-24 கல்வியாண்டில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு, அதாவது பெற்றோர் எல்லாரும் சொல்லும் சி.பி.எஸ்.இ.க்கு, மாறத் தொடங்கின. அதுவரை தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்துவந்த பிள்ளைகளின் கைக்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் வந்தது. 2025இல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வாரியத்தின் பொதுத்தேர்வை முதன்முறையாக எழுதினார்கள். இந்த மாற்றத்தின் சுமை தட்டாஞ்சாவடி போன்ற ஒரு பகுதியில் யார் தோளில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். வழுதாவூர் சாலையை ஒட்டித் தொழிற்பேட்டை, ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், சுற்றிலும் நெருக்கமான குடியிருப்புகள். பட்டறையிலும் கம்பெனியிலும் சந்தையிலும் கடையிலும் உழைக்கிறவர்களின் பிள்ளைகளே இத்தகைய பகுதிகளின் அரசுப் பள்ளிகளை நிரப்புகிறார்கள். அவர்கள் வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லை. ஆங்கிலக் கதைப் புத்தகம் வாங்கும் வழக்கமும் இல்லை. பள்ளியில் கடைசி மணி அடித்ததும் அவர்களுக்கு ஆங்கிலம் நின்றுவிடுகிறது. மறுநாள் காலை அது மீண்டும் பாடமாக, கேள்வி பதிலாக, மனப்பாடப் பகுதியாகத் தொடங்குகிறது. கணக்கையும் அறிவியலையும்கூட ஆங்கிலத்தில் படிக்கச் சொல்லும்போது, மொழி தெரியாத பிள்ளை எல்லாப் பாடத்திலும் பின்தங்குகிறது.

இதற்குப் பெற்றோர் கண்டிருக்கும் பரிகாரங்கள் மூன்று: டியூஷன், கைடு, கோடை விடுமுறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. மூன்றுக்கும் காசு செலவாகிறது. மூன்றிலும் பிள்ளைக்குக் கிடைப்பது ஆங்கிலத்தைப் பற்றிய விளக்கம். ஆங்கிலம் கிடைப்பது சொற்பம். இந்தக் கட்டுரையின் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராததற்கு முதன்மைக் காரணம் இலக்கணம் சரியாகக் கற்பிக்கப்படாதது அல்ல. அவர்களுக்குப் புரியும்படியான ஆங்கிலம் போதிய அளவு அவர்கள் கண்ணிலும் காதிலும் படாததுதான் காரணம். எளிய கதைப் புத்தகங்களைத் தினமும் அரை மணி நேரம், ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே படிக்க வைத்தால், பள்ளி நேரத்துக்குள்ளேயே, தேர்வு இல்லாமலே, தொடக்க வகுப்புகளில் இந்தக் குறையின் பெரும்பகுதியைத் தீர்க்க முடியும். இதற்கு அரை நூற்றாண்டு ஆய்வுகள் சான்றாக இருக்கின்றன. அந்த ஆய்வுகள் இந்த வழி எங்கே போதாமல் போகிறது என்பதையும் காட்டியிருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே பேசுவதுதான் நியாயம்.

புதுச்சேரிக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வரும்வரை இங்கே படித்தவர்களின் இரண்டாம் மொழி பிரெஞ்சு. 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடக்கிறது. அன்று பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவர் பலர். அதைப் பேச்சாகவும் வாசிப்பாகவும் கைக்கொண்டவர்கள் யார் என்று பார்த்தால், அந்த மொழி அன்றாடம் காதில் விழுந்த வேலைகளில் இருந்தவர்கள்தான்: நீதிமன்றம், அரசு அலுவலகம், எல்லாவற்றுக்கும் மேலாக ராணுவம். ஊரார் சொல்தா என்று அழைக்கும் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியக் குடும்பங்களில் மொழி பாடநூலிலிருந்து மட்டும் வரவில்லை; படைமுகாமில் ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டு வந்தது. அந்த இடத்துக்கு இரண்டே தலைமுறையில் ஆங்கிலம் வந்து அமர்ந்தது. சென்னையிலோ திருச்சியிலோ சில குடும்பங்களுக்கு நூறாண்டாக வீட்டில் ஆங்கிலப் பத்திரிகை வரும் பழக்கம் இருந்தது. புதுச்சேரியின் பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. ஆகவே இங்கே பள்ளி மட்டுமே ஆங்கிலத்தின் ஊற்று. அந்த ஊற்றில் எவ்வளவு சுரக்கிறது என்பதுதான் கேள்வி.

நாட்டின் நிலையைச் சொல்லும் ஓர் அளவுகோல் ஏசர் எனப்படும் ஆண்டுக் கல்வி நிலை அறிக்கை. அது கிராமப்புறங்களை அளப்பது. நகரத்தை ஒட்டிய தட்டாஞ்சாவடிக்கு அதன் எண்கள் அப்படியே பொருந்தா. ஆயினும் போக்கு தெளிவாகத் தெரிகிறது. 2016இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எளிய ஆங்கில வாக்கியத்தைப் படிக்க முடிந்தவர்கள் 24.7 விழுக்காடு. 2022இல் 24.5. எட்டாம் வகுப்பில் 45.3 என்பது 46.7 ஆனது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் ஆங்கில வழிக் கல்வியின்மேல் நாடு முழுவதும் மோகம் கூடியது, செலவு கூடியது, படிக்கத் தெரிந்தவர்களின் பங்கு நின்ற இடத்திலேயே நின்றது. 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களை அளந்த 2023ஆம் ஆண்டு அறிக்கையில் 57.3 விழுக்காட்டினர் ஆங்கில வாக்கியத்தைப் படித்தார்கள். அப்படிப் படித்தவர்களிலும் ஏறக்குறைய நான்கில் மூவருக்குத்தான் அதன் பொருள் சொல்ல முடிந்தது. எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்துவிட்டு, என்ன படித்தோம் என்று தெரியாமல் நிற்கும் அந்த நான்காவது பிள்ளை நம் முறையின் நேரடி விளைவு. ஒலிக்கக் கற்றுக்கொடுத்தோம், பொருளோடு பழக விடவில்லை.

அளவைப் பற்றிச் சொன்னேன். அதை எண்ணிப் பார்ப்பது நல்லது. ஐந்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் பத்துப் பாடங்கள், பாடத்துக்கு 600 சொற்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஆண்டு முழுவதும் பிள்ளை பார்ப்பது 6,000 சொற்கள். அதே பிள்ளை நிமிடத்துக்கு 60 சொல் என்ற மெதுவான வேகத்தில் தினம் 20 நிமிடம் கதை படித்தால் ஒரு நாளுக்கு 1,200 சொற்கள் ஆகும். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 200 வேலை நாட்களை விதிக்கிறது. ஆகவே ஆண்டுக்கு 2,40,000 சொற்கள். நாற்பது மடங்கு. மொழி என்பது திரும்பத் திரும்பச் சந்திப்பதால் படிவது. ஒரு புதுச்சொல் மனத்தில் தங்க அதை வெவ்வேறு இடங்களில் பத்து முறையாவது எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதில் சொல்வளத்தை ஆராய்ந்தவர்கள் ஏறக்குறைய ஒத்துப்போகிறார்கள். 6,000 சொற்களுக்குள் அந்தப் பத்துச் சந்திப்பு நிகழவே வாய்ப்பில்லை. ஆசிரியர் எவ்வளவு திறமையாக விளக்கினாலும் இந்தக் கணக்கை மீற முடியாது.

எந்தப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டு அளவு கூடிவிட்டது என்று சொல்லவும் முடியாது. ஹூவும் பால் நேஷனும் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, துணையில்லாமல் ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 50 சொல்லுக்கு ஒன்றுதான் புதிது. என்.சி.இ.ஆர்.டி. பாடநூலின் ஒரு பத்தியை எடுத்து, முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு அதில் எத்தனை சொல் தெரியாது என்று அடிக்கோடிட்டுப் பார்க்கும் எந்த ஆசிரியருக்கும் இடைவெளி விளங்கும். ஆகவே ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் படக்கதையில் தொடங்கினாலும் தவறில்லை. இதை வெட்கமாகக் கருதாத சூழலை வகுப்பறையில் உண்டாக்குவதுதான் ஆசிரியரின் முதல் பணி. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் தமிழ்ச் சிறுநூல்களை நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்து வெளியிட்டது. வகுப்பு எண்ணைப் புத்தகத்தில் போடாமல் வாசிப்பின் நிலையை மட்டும் சொன்னது நல்ல யோசனை. ஆங்கிலத்துக்கும் அது அப்படியே பொருந்தும்.

இந்த வழியைப் பெரிய அளவில் சோதித்த முதல் இடம் ஃபிஜி. கரும்புத் தோட்டங்களுக்காக நம் ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றிச்சென்ற, பாரதியார் கலங்கிப் பாடிய அதே தீவுதான். அங்கும் ஆங்கிலம் வீட்டுமொழி அல்ல, பள்ளிமொழி. வார்விக் எல்லியும் ஃபிரான்சிஸ் மங்குபாயும் 1980இல் தொடங்கிய ஆய்வு, புத்தகமே அரிதாக இருந்த எட்டு கிராமப் பள்ளிகளின் 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் 380 பேரிடம் நடந்தது. வகுப்புக்கு 250 படக்கதைப் புத்தகங்கள் வந்து இறங்கின. சில வகுப்புகளில் ஆசிரியர் கதையை உரக்கப் படித்து, பிள்ளைகளோடு பேசி, சேர்ந்து வாசித்தார். மற்ற வகுப்புகளில் பிள்ளைகள் தினமும் 20, 30 நிமிடம் தாமாக மௌனமாகப் படித்தார்கள். ஒப்பிடுவதற்காக வேறு நான்கு பள்ளிகள் பழைய வாய்மொழிப் பயிற்சி முறையையே தொடர்ந்தன. எட்டு மாதத்துக்குப் பிறகு சோதித்தபோது, கதை படித்த வகுப்புகள் வாசிப்பிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வழக்கமான வேகத்தைப்போல் இரு மடங்கு முன்னேறியிருந்தன. 20 மாதம் ஆனபோது அந்த முன்னேற்றம் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பரவியிருந்தது. கவனிக்க வேண்டிய சங்கதி என்னவென்றால், பிள்ளைகள் படித்தார்கள், ஆனால் கேட்கும் திறனும் வளர்ந்தது; இலக்கணத்துக்குத் தனி நேரம் கூட்டவில்லை, ஆனால் இலக்கணமும் வளர்ந்தது. 1990களில் இலங்கையின் சிறு பள்ளிகளில் எல்லி நடத்திய முயற்சியும் இதே திசையில் பலன் தந்தது.

என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமான சான்று கனடாவில் இருக்கிறது. நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தில் பிரெஞ்சு பேசும் பிள்ளைகளுக்கு 1980களில் ஒரு துணிச்சலான ஏற்பாடு நடந்தது. எட்டு வயதில் ஆங்கிலம் தொடங்கும் பிள்ளைகள் நாளுக்கு 30 நிமிடம், தாம் விரும்பும் புத்தகத்தையும் அதன் ஒலிநாடாவையும் எடுத்துக்கொண்டு, காதில் கேட்டபடி கண்ணால் படித்தார்கள். ஆசிரியர் பாடம் நடத்தவில்லை. கருவி பழுதானால் உதவினார், அவ்வளவுதான். தேர்வு கிடையாது, பேச்சுப் பயிற்சி கிடையாது. பட்சி லைட்பவுன் என்ற மொழியியலாளர் இவர்களை வழக்கமான வகுப்பில் படித்தவர்களோடு ஒப்பிட்டுத் தொடர்ந்து அளந்தார். மூன்றாண்டு முடிவில் இவர்கள் புரிந்துகொள்வதில் மற்றவர்களுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தார்கள். ஒருபோதும் பேசப் பயிற்றாத பேச்சிலும் பின்தங்கவில்லை. நல்ல ஆங்கிலம் பேசும் ஆசிரியர் எல்லாப் பள்ளிக்கும் கிடைக்காத ஓர் ஊருக்கு இதைவிட நம்பிக்கையான செய்தி வேறில்லை. இதே ஆய்வு சொன்ன கசப்பான செய்தி ஒன்றும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

காது ஏன் வேண்டும்? வெறும் வாசிப்பே போதாதா? ஃபிஜியில் மௌனமாகப் படித்த வகுப்புகளும் முன்னேறின என்பது உண்மை. ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கில எழுத்து வைக்கும் கண்ணிகள் தனி. நம் எழுத்து முறையில் எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரியும். வல்லின எழுத்து மட்டும் இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும், அந்த மாற்றத்துக்கும் விதி உண்டு. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக் கூட்டம் சொல்லுக்குச் சொல் வேறாக ஒலிக்கிறது. அதோடு, நமக்கு ஒரே எழுத்தில் அடங்கும் இரண்டு ஒலிகள் அங்கே இரண்டு தனி எழுத்துகள். மாற்றி ஒலித்தால் சொல்லே வேறாகிவிடும். சொல்லின் எந்த அசையை அழுத்துவது என்பதும் எழுத்தில் தெரியாது. கேட்காமல் படிக்கும் பிள்ளை தனக்குத் தோன்றிய ஒலியை மனத்துக்குள் வைத்துக்கொள்கிறது. பிறகு அதே சொல்லை யாராவது சரியாக உச்சரித்தால் அடையாளம் தெரியாமல் விழிக்கிறது. அமெரிக்காவில் கேரல் சோம்ஸ்கி 1970களில் எட்டு வயதுப் பிள்ளைகள் ஐவரோடு ஒரு முயற்சி செய்தார். எழுத்துக்கூட்டத் தெரிந்தும் தடுமாறித் தடுமாறிப் படித்துக்கொண்டிருந்த அவர்கள், ஒரே கதையின் ஒலிநாடாவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே புத்தகத்தைத் தொடர்ந்தார்கள்; சில மாதத்தில் வாசிப்பு சரளமானது. ஐவர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆனாலும் அந்தப் பிள்ளைகளின் தடுமாற்றம் நம் ஐந்தாம் வகுப்புகளில் பார்ப்பதைப்போலவே இருந்தது.

ஒலிப்பதிவே தேவையில்லாமல், ஆசிரியரே கதை படித்துக் காட்டினாலும் பலன் உண்டு. நியூசிலாந்தில் எல்லி 1989இல் வெளியிட்ட ஆய்வில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே கதையை ஒரு வாரத்தில் மூன்று முறை படித்துக் காட்டினார்கள். விளக்கம் எதுவும் சொல்லாதபோது புதுச்சொற்களில் 15 விழுக்காடு படிந்தது. படிக்கும்போதே படத்தைக் காட்டியோ வேறு சொல் சொல்லியோ ஒரு கணம் விளக்கியபோது 40 விழுக்காடு. அந்த ஒரு கண விளக்கத்தை நம் வகுப்பில் தமிழில் சொல்லலாம்; சொல்ல வேண்டும். ஆங்கில வகுப்பில் தமிழே வரக்கூடாது என்று அபராதம் போடும் சில பள்ளிகளின் வழக்கம் பிள்ளைக்குப் புரிதலின் குறுக்குவழியை அடைத்துவிடுகிறது.

இப்போது எதிர்வாதங்களுக்கு வரலாம். முதலாவது, இன்று பிள்ளைகள் கைபேசியில் நாளெல்லாம் ஆங்கிலம் கேட்கிறார்களே, யூடியூபும் கார்ட்டூனும் போதாதா என்பது. அவர்கள் கேட்பது பெரும்பாலும் தமிழ் ஒலிச்சேர்க்கை. ஆங்கிலத்திலேயே பார்த்தாலும் படம் கதையைச் சொல்லிவிடுவதால் மொழியைக் கவனிக்கத் தேவையில்லாமல் போகிறது. ஜப்பானில் ரோனன் பிரவுன் முதலியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விடை. மாணவர்கள் ஒரு கதையைப் படித்தார்கள், ஒன்றைக் கேட்டார்கள், ஒன்றைக் கேட்டுக்கொண்டே படித்தார்கள். கேட்டுக்கொண்டே படித்ததில் அதிகச் சொற்கள் தேறின. கேட்க மட்டும் செய்ததில் மிகக் குறைவு. கண்முன் எழுத்து இல்லாவிட்டால் வேற்றுமொழிப் பேச்சு பிரித்தறிய முடியாத ஒலியோட்டமாகக் கடந்துவிடுகிறது. 1996இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பிரிஜ் கோத்தாரி முன்வைத்த யோசனையும் இதே அடிப்படையில் எழுந்தது: சினிமாப் பாட்டின் அடியில் அதே மொழியில் வரிகளை ஓடவிட்டால், பார்ப்பவர் தன்னையறியாமல் படிக்கிறார். கைபேசியே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுத்து ஓடாத காணொளியை வாசிப்புக்குக் கணக்கு வைக்காமல் இருந்தால் போதும்.

அந்த ஜப்பானிய ஆய்வு என் பக்கத்துக்குச் சங்கடமான ஒன்றையும் சொல்கிறது. மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது, ஒவ்வொரு கதையிலும் இருந்த 28 புதுச்சொற்களில் பொருள் சொல்ல முடிந்தது சராசரியாக ஒன்றே ஒன்று. கேட்க மட்டும் செய்தவர்களுக்கு ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. இதைக் காட்டி வாசிப்பே வீண் என்று சொல்பவர்கள் உண்டு. நான் இதை வேறுவிதமாகப் படிக்கிறேன். ஒரு கதையை ஒரு முறை படித்துவிட்டு மூன்று மாதம் விட்டுவிட்டால் சொல் ஓடிவிடும் என்பதுதான் இதன் பொருள். நம் பள்ளிகளில் வாசிப்பு வாரம், புத்தகத் திருவிழா, ஆங்கில இலக்கிய மன்றம் என்று ஆண்டுக்கு ஓரிரு முறை நடப்பவை ஏன் தடம் பதிக்கவில்லை என்பதற்கும் இதுவே காரணம். இரண்டாம் முறை சந்திப்பு மறதிக்கு முன்னால் வர வேண்டும். புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் 2002 முதல் காலையில் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. தினமும் ஒன்றைத் தவறாமல் வகுப்பறைக்குக் கொண்டுசேர்க்கும் நிர்வாகத் திறன் இந்த ஊருக்குப் புதிதல்ல. தினசரி அரை மணி வாசிப்புக்கு அந்த ஒழுங்குதான் தேவை. கதை படிக்காத நாளே இருக்கக்கூடாது.

அடுத்த எதிர்வாதம் கனமானது. தமிழ்ப் பற்றிலிருந்து வருவது. ஏற்கெனவே ஆங்கிலம் எல்லாப் பாடத்தையும் எடுத்துக்கொண்டது. இனிக் கதை நேரத்தையும் அதற்கே கொடுத்தால் தமிழுக்கு என்ன மிஞ்சும்? பாரதிதாசன் பிரெஞ்சு ஆட்சியிலேயே அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்த ஊர் இது. இங்கே இந்தக் கேள்வி எழாமல் இருந்தால்தான் கவலை. ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த கருத்து இதற்கு உதவும்: வாசிப்பின் அடித்தளத் திறன்கள் மொழிக்கு மொழி இடம்பெயர்கின்றன; தாய்மொழியில் சரளமாகப் படிக்கும் பிள்ளை இரண்டாம் மொழியில் வேகமாகப் படிக்கிறது. தமிழில் கதை படித்துப் பழகாத பிள்ளைக்கு ஆங்கிலக் கதைப் புத்தகம் இரட்டைச் சுமை. ஆகவே ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் இந்த அரை மணி முழுவதும் தமிழுக்கே உரியது என்று நான் கருதுகிறேன். ஆங்கிலம் கதை கேட்பதோடு நிற்கட்டும். மூன்றாம் வகுப்பிலிருந்து இரண்டும் ஒன்றுவிட்டு ஒரு நாளாகவோ, நாளில் பாதிப் பாதியாகவோ வரலாம். சென்னையில் 1996இல் தொடங்கிய தூளிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படக்கதைகளை வெளியிடுகிறது. அப்படிப்பட்ட புத்தகத்தில் ஒரு மொழி மற்றதற்குத் துணையாகிறது. தமிழுக்கு இன்று உண்மையில் கேடு செய்வது ஆங்கிலக் கதை அல்ல. இரண்டு மொழியிலும் ஒரு புத்தகத்தைக்கூட முழுதாகப் படிக்காமல் பத்தாம் வகுப்பு முடிக்க முடிகிற நிலைதான்.

போர்ஷன் முடிக்கவே நேரமில்லை, இதற்கு எங்கே போவது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். ஃபிஜியிலும் நியூ பிரன்ஸ்விக்கிலும் அந்த நேரம் ஆங்கிலப் பாடவேளையிலிருந்தே எடுக்கப்பட்டது, கூடுதலாகச் சேர்க்கப்படவில்லை. பாடநூலிலிருந்து நேரம் பறித்தும் பிள்ளைகள் பின்தங்கவில்லை என்பதே அந்த ஆய்வுகளின் மையச் செய்தி. மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கும் ஆறுதல் உண்டு: சி.பி.எஸ்.இ. கேட்டலையும் பேசுதலையும் ஆங்கிலத்தின் உள்மதிப்பீட்டில் சேர்த்திருக்கிறது. மனப்பாடத்தால் அதில் தேற முடியாது. எங்களுக்கே ஆங்கிலம் சரளமில்லையே என்று தயங்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைக் குறை சொல்லக்கூடாது. அவர்களும் இதே முறையில் படித்து வந்தவர்கள். கென்யாவில் 1980 முதல் 1985 வரை நடந்த திட்டத்தில் முதல் மூன்று வகுப்புகளின் ஆங்கிலம் தினமும் அரை மணி வானொலி வழியே நடந்தது. வானொலி கேட்டது, பிள்ளைகள் பதில் சொன்னார்கள், ஆசிரியர் உடனிருந்து நடத்தினார். அந்தப் பிள்ளைகள் மற்ற வகுப்புகளைவிடக் கேட்பதிலும் படிப்பதிலும் தெளிவாக முந்தினார்கள். ஒலிக்கருவி ஆசிரியரை விலக்கிவிடவில்லை. அவருக்கு வராத ஒன்றை மட்டும் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. குரல் பிரிட்டிஷ் உச்சரிப்பில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தெளிவாக, நிதானமாகப் படிக்கும் இந்தியக் குரலே இந்தப் பிள்ளைகளுக்கு முதல் படியில் நல்லது.

லைட்பவுனின் கசப்பான செய்தியைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாகாது. அதே நியூ பிரன்ஸ்விக் பிள்ளைகள் ஆறு ஆண்டு கழித்து எட்டாம் வகுப்புக்கு வந்தபோது மீண்டும் அளக்கப்பட்டார்கள். புரிந்துகொள்ளும் திறன் சிலவற்றில் அவர்கள் சமமாக இருந்தார்கள். எழுதுவதில் ஆசிரியரிடம் படித்தவர்கள் முந்தியிருந்தார்கள். தாமாகப் படிப்பதும் கேட்பதும் ஒரு கட்டம்வரை கொண்டுசேர்க்கும். அதன்பின் எழுதிக் காட்ட, திருத்திக் கொடுக்க, ஏன் தவறு என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆகவே ஐந்தாம் வகுப்புவரை படிப்பதும் கேட்பதும் முதன்மை. ஆறாம் வகுப்பிலிருந்து அதே கதைகளைப் பற்றி வாரம் ஒரு பக்கமாவது எழுதுவதும், ஆசிரியர் அதைத் திருத்துவதும் சேர வேண்டும். நாற்பது நோட்டுகளையும் வாரந்தோறும் வரிக்கு வரி திருத்த முடியாது. வாரத்துக்குப் பத்து நோட்டு, ஒரு நோட்டில் ஒரே வகைத் தவறு என்று வைத்துக்கொண்டால் முடியும். இலக்கணத்துக்கு உரிய இடமும் அங்கேதான்: பிள்ளை எழுதிய வாக்கியத்தின் மேல்.

புத்தகத்துக்கு எங்கே போவது? 1827இல் தொடங்கி இன்று ரொமேன் ரோலன் பெயர் தாங்கி நிற்கும் புதுச்சேரி நூலகம் இந்தியாவின் பழைய பொது நூலகங்களில் ஒன்று. நகரத்துக்குள் இருக்கும் அதற்குத் தட்டாஞ்சாவடியிலிருந்து தினமும் பிள்ளைகள் போய்வர முடியாது. புத்தகம் வகுப்பறைக்குள்தான் இருக்க வேண்டும். முன்பு போட்ட கணக்கின்படி ஆண்டுக்கு 2,40,000 சொல் என்றால், 300 சொல் கொண்ட படக்கதைகளை 800 முறை படிக்க வேண்டும். நல்ல கதையை ஒரு பிள்ளை நான்கு முறை படிக்கும், படிக்கத்தான் வேண்டும். எனவே 200 தலைப்புகள் போதும். ஃபிஜியில் 250 கொடுத்தார்கள். கணக்கு ஏறக்குறைய பொருந்துகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் ஒதுக்குகிறது. புத்தகம் 50 ரூபாய் என்றால் நூறு. நேஷனல் புக் டிரஸ்டும் சில்ரன்ஸ் புக் டிரஸ்டும் மலிவாகவே வெளியிடுகின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படிநிலை பிரித்த கதைகள் இலவசம். குரலோடு எழுத்து ஓடும் கதைகளும் அதில் உண்டு. அவற்றை இறக்கி, வகுப்புக்கு ஓர் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டால் பிள்ளைக்குத் தனிக் கைபேசி தேவையில்லை.

காசைவிடப் பெரிய தடை பூட்டு. நாடெங்கும் அரசுப் பள்ளிகளில் வந்து இறங்கும் புத்தகங்கள் தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள் புதிதாகவே இருக்கக் காரணம் அக்கறையின்மை அல்ல. இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் கிழிந்தாலோ தொலைந்தாலோ யார் பதில் சொல்வது என்ற பயம். தணிக்கையின்போது கையைக் கட்டி நிற்க எந்த ஆசிரியருக்கும் விருப்பமில்லை. இதற்குத் தீர்வு அறிவுரையில் இல்லை, ஓர் ஆணையில் இருக்கிறது. கதைப் புத்தகங்களைச் சாக்பீஸ்போல் தேய்ந்து தீரும் பொருள் என்று வகைப்படுத்தி, ஆண்டுக்கு இத்தனை பங்கு கிழிந்தால் கேள்வி இல்லை என்று பள்ளிக் கல்வி இயக்ககம் எழுதிக் கொடுத்தால் பீரோ திறக்கும். கிழிந்த புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம் என்பதை அந்த ஆணை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் இங்கே சொன்ன ஆய்வுகள் வேறு நாடுகளில் நடந்தவை. தமிழ்ப் பிள்ளைகளிடம் அதே அளவு பலன் கிடைக்கும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. புதுச்சேரிக்கு அதைச் சோதித்துப் பார்க்க வசதியான அளவு இருக்கிறது. அண்ணா நகரில் உள்ள கல்வி வளாகத்திலிருந்து தட்டாஞ்சாவடி, லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டைப் பள்ளிகளுக்கு அரை மணியில் போய்விடலாம். முதல் ஆண்டு இருபது தொடக்கப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் புத்தகமும் ஒலிபெருக்கியும் கொடுத்து, அவற்றைப்போன்ற இன்னும் இருபது பள்ளிகளுக்கு அடுத்த ஆண்டு கொடுப்பதாக அறிவிக்கலாம். ஜூலையிலும் மார்ச்சிலும் இரு தரப்புக்கும் ஒரே சோதனை: ஒரு சிறு கதையைப் படித்துப் பொருள் சொல்வது, ஒன்றைக் கேட்டுப் பொருள் சொல்வது, மூன்று வாக்கியம் எழுதுவது. கூடவே தமிழில் ஒரு கதையைப் படிப்பதையும் அளக்க வேண்டும். தமிழ் குறைகிறதா வளர்கிறதா என்ற சந்தேகம் எண்ணிக்கையால் தீர வேண்டியது. மதிப்பெண் பட்டியலில் இந்தச் சோதனை ஏறக்கூடாது. ஏறினால் அடுத்த மாதமே அதற்கும் ஒரு கைடு வந்துவிடும். ஃபிஜியில் மாற்றம் தெரிய எட்டு மாதம் ஆனது. ஜூலையில் தொடங்கினால் நமக்கும் மார்ச்சுக்குள் அதே எட்டு மாதம் இருக்கிறது.